இரவுப்பள்ளியின் வைஃபை

எங்கள் காலனி இரவுப்பள்ளிக்கு இணைய இணைப்பு கொடுக்க வந்த தம்பி, ரவுட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, அடியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி "இதுதான் பாஸ்வேர்டு அண்ணா" என்று சொல்லிப் போய்விட்டார். அதன் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையப் பெயரும் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். எட்டு மாதம் அப்படியே ஓடியது. பிள்ளைகளுக்குத் தடையில்லாமல் இணையம் கிடைக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

அதே இணைப்பில்தான் நாங்கள் வாக்குமூலங்களையும் வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தோம். வன்கொடுமை நடந்த ஊர்களுக்குப் போய் எடுத்த ஒலிப்பதிவுகள், காயங்களின் படங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி எல்லாம் ஒரு மடிக்கணினியில். எல்லோரும் எளிதாக எடுக்கட்டும் என்று அந்தக் கோப்புறைக்குக் கடவுச்சொல்கூட வைக்கவில்லை.

ஒருநாள் மாலை, கல்லூரித் தோழி ஒருவர் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணா, நாம அஞ்சு பேர்தான இருக்கோம், பதினாலு கருவி காட்டுது?" என்றார். திண்ணையில் இருந்த பிள்ளைகளின் போன்களைக் கழித்தும் நான்கு மிஞ்சியது. சிக்னலுக்கு ஊர் எது, சேரி எது என்று தெரியாது. சாலையைத் தாண்டி டீக்கடை பெஞ்சு வரை அது போகிறது. நாங்கள் விசாரித்த ஒரு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரின் உறவினர்கள் தினமும் உட்காரும் பெஞ்சு அது.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பின்னால் வந்த திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு, சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்க வழி செய்கிறது. கூட்டங்களில் அதை விளக்கிப் பேசுகிறவன் நான்.

அன்றிரவே மடிக்கணினியைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து உட்கார்ந்தோம். முதலில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றினோம். ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தோம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 இரண்டும் கலந்ததாக இருந்தது. அதை டபிள்யூபிஏ2 மட்டும், குறியாக்கம் ஏஇஎஸ் மட்டும் என்று வைத்தோம். உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். எங்களுடையதில் இல்லை. பழைய கருவிகளில் டபிள்யூஇபி என்று ஒன்று இருக்கும். அது 2001-லேயே உடைக்கப்பட்டது, தொடவே வேண்டாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது டபிள்யூபிஎஸ். எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால் கருவியை இணைத்துக்கொள்ளும் வசதி. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011-ல் வெளிவந்தது. இதைத் திறந்து வைத்துவிட்டு முப்பது எழுத்தில் கடவுச்சொல் வைத்தும் பயனில்லை. அணைத்தோம். வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்லும் யோசனை வெறும் திரைச்சீலை, அதை நம்பாதீர்கள்.

பெயரில்தான் சண்டை வந்தது. எங்கள் வைஃபையின் பெயர் அம்பேத்கர் இரவுப்பள்ளி. டீக்கடை பெஞ்சில் இருப்பவர் போனிலும் அந்தப் பெயர் தெரிகிறது என்பதில் இளைஞர்களுக்குப் பெருமை, எனக்கும்தான். ஒரு தம்பி கேட்டார்: "குளத்துல தண்ணி எடுக்க விடலன்னுதான அண்ணா 1927-ல மகாத்ல போராடுனாங்க, இப்ப நாமளே பூட்டணுமா?" பதில் சொல்லச் சிரமப்பட்டேன். கடைசியில் இரண்டாகப் பிரித்தோம். பழைய பெயர் விருந்தினர் இணைப்புக்கு. அதன் கடவுச்சொல் கரும்பலகையிலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிக்கலாம். அதில் இணைகிறவர் உள்ளிருக்கும் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி தடுத்திருக்கிறோம். வாக்குமூல வேலைக்கு யார் கண்ணிலும் படாத ஒரு சாதாரணப் பெயரில் இன்னொரு இணைப்பு, கடவுச்சொல் நான்கு பேருக்கு மட்டும். ஒருவர் விலகினால் அன்றே மாற்றுகிறோம். டபிள்யூபிஏ2-வில் கடவுச்சொல் தெரிந்தவர், ஒருவர் இணையும் நேரத்தின் சமிக்ஞையையும் பிடித்துவிட்டால், அவர் அனுப்புவதைப் பிரித்துப் படிக்கலாம். இதெல்லாம் காற்றில் போகிறதற்கான காவல்தான் என்பதால் மடிக்கணினியின் வட்டையும் தனியாகக் குறியாக்கம் செய்தோம்.

அந்த எட்டு மாதத்தில் யாராவது எதையாவது எடுத்தார்களா? மின்சாரம் போய் வரும்போதெல்லாம் எங்கள் ரவுட்டரின் பதிவேடு அழிந்துவிடும். மறுவாரம் சாட்சிகளின் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னோம். ஒரு அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "எம்பேரு வெளிய போயிருக்காதுல்ல தம்பி?" என்றார். போயிருக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.