எண்ணூரில் அணை இல்லை

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று வீட்டுக் குழந்தை கேட்டால், "அணைக்கட்டிலிருந்து" என்றுதான் சட்டென்று சொல்வீர்கள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த பாடம் அது. பைகாராவில் 1932-லும், மேட்டூரில் 1937-லும், பாபநாசத்தில் 1944-லும் அப்படித்தான் நடந்தது. தண்ணீர் விழுந்தது, சக்கரம் சுழன்றது, விளக்கு எரிந்தது.

ஆனால் தண்ணீர் விழுவதற்கு உயரம் வேண்டுமே! சென்னைப் பட்டணத்துக்கு அருகில் அதற்கு எங்கே போவது? இங்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றுக்கும் பூண்டியில் 1944-ல் ஓர் அணை கட்டினார்கள். அது நம் வீட்டுக் குழாய்க்கான அணை. மிச்சமுள்ள ஆறு சமதரையில் சோம்பலாக நடந்து, எண்ணூரில் கடலோடு கலக்கிறது.

ஆகவே எண்ணூரில் நீருக்குப் பதில் நெருப்பை நம்பினார்கள். எப்படி என்று பார்க்க வேண்டுமா? சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தாண்டினால் எண்ணூர். வெள்ளைக்காரத் துரைமார்கள் காற்று வாங்க வந்து தங்கிய ஊர் இது. இன்று இங்கே வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது புகைபோக்கிகளைத்தான்!

கழிமுகத்துக்குத் தெற்கே எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் வேலை தொடங்கியது. 1975-க்குள் ஐந்து இயந்திரங்கள். மொத்தம் 450 மெகாவாட். நாற்பத்தேழு ஆண்டுகள் உழைத்துவிட்டு, 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றது. ஆற்றின் வடகரையில், அத்திப்பட்டுப் பக்கம், அதைவிடப் பெரிய வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் எழுந்தது.

உள்ளே நடப்பது நம் அடுக்களை வித்தைதான். ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள். தண்ணீர் கொதித்து நீராவியாகிறது. இட்லிப் பானையின் மூடியைத் தூக்குகிற அதே ஆவி, இங்கே ராட்சதச் சக்கரத்தைச் சுழற்றுகிறது.

அடுப்பு எரிந்தால் சாம்பல் விழ வேண்டுமல்லவா? நம் நாட்டு நிலக்கரியில் பத்தில் மூன்று, நான்கு பங்கு சாம்பல்தான். அதைத் தண்ணீரில் கரைத்து, நீண்ட குழாய்கள் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் அங்கங்கே ஒழுகின. ஒழுகியது கழிமுகத்தில் போய்ப் படிந்தது.

மேட்டூர் அணையில் நீர்மட்டம் இறங்கும்போது, பண்ணவாடியில் பழைய கோயில் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலை நீட்டும். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் ஊர்கள் கொடுத்த விலை அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. எண்ணூரில் எந்த ஊரும் தண்ணீரில் மூழ்கவில்லை. தண்ணீர்தான் சாம்பலில் மூழ்கியது. அது அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது.

யாருக்குத் தெரியும் என்கிறீர்களா? காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் உள்ள மீனவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு நீரில் நின்று, அடிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் அங்கே உண்டு. சேற்றில் இறால் ஒதுங்கும். சாம்பலில் என்ன ஒதுங்கும்? கூடை நிரம்பாத நாளில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதை, குடும்பம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குப்பத்து மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. கழிமுகத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று 2022-ல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

மின்சாரம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. குப்பத்து வீடுகளுக்கும் விளக்கும் விசிறியும் வேண்டும். அவர்கள் கேட்டதெல்லாம், சாம்பல் ஆற்றில் விழக் கூடாது என்பதுதான். நம் வீட்டுக் குழாய் ஒன்று ஒழுகினால், எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருப்போம், சொல்லுங்கள்!