பெரியப்பாவின் அலுமாரி

பெரியப்பாவின் கண்ணாடி அலுமாரியில் ஆர்தர் ரக்கம் படம் வரைந்த ‘பீட்டர் பான்’ இருந்தது. 1906இல் லண்டனில் வெளிவந்த புத்தகம். கை கழுவித் துடைத்துவிட்டு வந்தால்தான் திறப்பார். அந்தக் கால மூன்று நிற அச்சுக்கு வழுவழுப்பான தாள் வேண்டும். அதனால் படங்களைத் தனியே அச்சிட்டுப் பழுப்புத் தாளில் ஒட்டியிருந்தார்கள். படத்தின்மேல் கிடந்த மெல்லிய தாளைப் பெரியப்பாதான் விலக்குவார்.

ரக்கம் முதலில் மையால் கோடு இழுத்து, அதன்மேல் நீர்வண்ணத்தைப் படலம் படலமாகப் பூசுவார். முறுகிய வேர்களில் முகங்கள் தெரியும். அதைப் பார்த்த பிறகு, பொழுதுபட்டால் கோயில் வீதி ஆலமரத்தடியால் போக எங்களுக்குக் கால் வராது.

“எங்கடை கதையளுக்கு இப்பிடிப் படம் இல்லையோ, பெரியப்பா?”

“ஏன் இல்லை?” என்று ஆனந்த குமாரசுவாமியைப் பற்றிச் சொல்வார். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட அந்தக் கலை அறிஞர், சகோதரி நிவேதிதை முடிக்காமல் விட்டுப்போன புராணக்கதை நூலை முடித்து 1913இல் வெளியிட்டார். அவனீந்திரநாத் தாகூரும் நந்தலால் போஸும் மற்ற வங்க ஓவியர்களும் அதற்குப் படம் வரைந்தார்கள்.

எங்கள் கைக்கு எட்டியது அம்புலிமாமா. சென்னையில் 1947இல் தொடங்கிய அந்த இதழ் வாசிகசாலைக்கு வரும் நாளில் இழுபறிதான். சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு, வேதாளத்தைத் தோளில் சுமந்து சுடுகாட்டில் நடப்பான். 1970களில் இலங்கை அரசு இந்தியச் சஞ்சிகைகளின் வரவைக் கட்டுப்படுத்தியபோது, பழைய இதழ்களைக் கட்டி வைத்திருந்த வீடுகளைத் தேடிப் போனோம்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது பெரியப்பா வீட்டுத் திறப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை.

அந்தப் படங்கள் கதையில் ஒரு கணத்தை மட்டும் காட்டின. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நாங்கள்தான் எங்களுக்குள் வரைந்து கொண்டோம். ஒரே படத்தை ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்திருக்கும் பொறுமை அப்படித்தான் வந்தது. இன்று பிள்ளைகளுக்குப் படங்கள் ஏராளம். ஒன்றில் நின்று பார்க்க நேரமில்லை. யாரிடமாவது ஒரு பழைய அம்புலிமாமா மிஞ்சியிருந்தால், பூட்டி வைக்க வேண்டாம். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, அவசரப்படாமல் பக்கம் புரட்டுங்கள். பெரியப்பா எங்களுக்குச் செய்தது அதுதான்.