விசில் வைத்திருந்த எம்.பி.

ஒண்டியாளாக நின்று எதிர்த்துப் பேசுவது வீட்டுக் கூடத்திலேயே கஷ்டம், இல்லையா? கறுப்பின மக்களுக்கு ஓட்டே இல்லாத தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில், 1961 முதல் 1974 வரை, தன் கட்சியின் ஒரே உறுப்பினராக இருந்து அதைச் செய்தவர் ஹெலன் சுஸ்மன். இரண்டு பெண்களுக்குத் தாய்.

விசாரணையே இல்லாமல் 90 நாள் அடைத்து வைக்கும் சட்டம் 1963-ல் வந்தபோது, எதிர்த்து ஓட்டுப் போட்டது இந்த அம்மாள் மட்டும்தான். பெரிய எதிர்க்கட்சிகூடத் தலையாட்டிவிட்டது!

கேள்விதான் அவர் ஆயுதம். எத்தனை பேர் கைது, எத்தனை பேருக்குத் தூக்கு என்று விடாமல் கேட்பார். மந்திரி சொல்லும் பதில் அப்படியே பதிவாகிவிடும். 1967-ல் ராபன் தீவுச் சிறைக்கே போய் மண்டேலாவிடம் கைதிகளின் குறைகளைக் கேட்டார்.

போனில் திட்டுகிறவர்களுக்கென்றே பக்கத்தில் ஒரு விசில்! காது கிழிய ஊதிவிடுவாராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 1953-ல் உள்ளே போனவர், 1989-ல்தான் வெளியே வந்தார்.