முதல் பீரியடும் வெள்ளை போர்டு பஸ்ஸும்

ஜூன் 22, 2024, சனி

புது டைம்டேபிள் ஒட்டியாகிவிட்டது. இரண்டாம் ஆண்டு பி.காமுக்கு எட்டரை மணிக்கு மறுபடியும் காஸ்ட் அக்கவுண்டிங். போன வருடம் அந்த நேரத்தை நூலக வகுப்பாக மாற்றி வைத்திருந்தோம். மாற்றிய மேடம் மே மாதம் ஓய்வு பெற்றார். ஏன் மாற்றினோம் என்பதும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டது.

காரணம் சின்னதுதான். வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தவர்களின் பட்டியலைத் துறையில் எல்லோரும் உட்கார்ந்து ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, பட்டிபுலம் என்றே வந்தது. பெரும்பாலும் பெண்கள். ஸ்டாஃப் ரூமில் அதுவரை இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். 2021 மே மாதத்திலிருந்து வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வருகிற டீலக்ஸ், ஏசி வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு வெள்ளை போர்டுக்காக நிற்கிறார்கள், முதல் பீரியட் போய்விடுகிறது. அப்படி மிச்சம் பிடித்த காசைப் பருவக் கடைசியில், வருகைக் குறைவுக்கான கண்டோனேஷன் கட்டணமாக எங்களிடமே கட்டுகிறார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

டைம்டேபிள் பார்க்கும் சாரிடம் பேசினேன். “எனக்கு யார் மேடம் சொன்னாங்க?” என்றார். நியாயம்தான். கல்லூரிகளைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்காகத் தயாரித்த கோப்பில் ‘சிறந்த நடைமுறைகள்’ என்ற தலைப்பில் இந்த மாற்றம் அழகான ஆங்கிலத்தில் இருக்கிறது, போட்டோவுடன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் படிக்க எழுதியது அது. பக்கத்து நாற்காலிக்காரர் படிக்க யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஜூலை 13, சனி

முட்டுக்காடு பாலத்தில் காலையிலேயே நெரிசல். போட் ஹவுஸுக்கும் தட்சிணசித்ராவுக்கும் போகிற கார்கள். பஸ்ஸும் அதில்தான் மாட்டிக்கொள்கிறது.

சாயங்காலம் சிறப்புக் கல்வி ஆசிரியையான தோழி வந்திருந்தாள். எங்கள் முட்டுக்காட்டில் 2005 முதல் இருக்கும் பன்முக மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அவள் வேலைக்குத் திரும்பியது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் எழுதுவார்கள். ஆசிரியர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் குறித்த இடைவெளியில் கூடி அதைத் திருத்துவார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியை மாறினாலும் புதியவர் அந்தத் தாளிலிருந்து தொடங்கலாம். “உங்க மீட்டிங்ல ஸ்டூடன்ட்ஸ் யாராவது உட்காருவாங்களா?” என்று கேட்டாள். பேச்சை மாற்றி அடை வேண்டுமா என்றேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு. இடம் தருகிறோம். வாசலில் சாய்தளமும் உண்டு. ஃபீஸ் கட்டும் கவுன்டர் மட்டும் மாடியில்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கோவையில் இன்று ‘தமிழ்ப் புதல்வன்’ தொடக்கம். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பையன்களுக்கும் இனி மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்கான ‘புதுமைப் பெண்’ 2022 செப்டம்பர் 5-லேயே வந்துவிட்டது. வகுப்பில் பையன்கள் மேஜையைத் தட்டினார்கள். பணத்தை அரசு கணக்கில் போட்டுவிடும். எட்டரை தாண்டி வந்தால் அவனை உள்ளே விடுவதா என்பதை நாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 31, சனி

துறைக் கூட்டத்தில் முதன்முறையாக மாணவர்கள் இருவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கதையைப் பெண் சொன்னாள், தெரிந்ததுதான். கோவளத்துப் பையன் சொன்னது எங்கள் பட்டியலில் இல்லாதது. விடியற்காலையில் படகு கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீனைப் பிரிக்க அப்பாவோடு நிற்க வேண்டும். ஏலம் முடிந்துதான் குளியல். “பஸ்ஸுக்குக் காசு இருக்கு மிஸ், நேரந்தான் இல்ல.” போன வருடம் பெண்கள் பெயரே அதிகம் என்பதால் பையன்கள் பக்கம் யாரும் போகவில்லை.

மூத்த சார் ஒப்புக்கொள்ளவில்லை. “நாளைக்கு பேங்க்ல வேலைக்குப் போனா மேனேஜர் காத்திருப்பாரா?” அவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் பேங்க் வேலைக்குப் போக முதலில் டிகிரி வேண்டும். அதற்கு ஹால் டிக்கெட் வேண்டும், ஹால் டிக்கெட்டுக்கு வருகை வேண்டும்.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. எந்த மாற்றம் செய்தாலும் ஒரே தாள்: யாருக்காக, ஏன், யாருக்கு இன்னும் எட்டவில்லை, அடுத்து எப்போது யார் பார்ப்பது. அதைக் கோப்பில் வைக்காமல் டைம்டேபிள் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுவது. அதைத் திறக்காமல் யாராலும் டைம்டேபிள் போட முடியாது. ஃபீஸ் கவுன்டரைக் கீழே கொண்டுவருவதையும் தாளில் சேர்த்தோம்.

செப்டம்பர் 28, சனி

அடுத்த பருவத்தில் முதல் பீரியட் நூலக வகுப்பு என்று துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். கவுன்டர் பற்றி அலுவலகம் வாய் திறக்கவில்லை. காலையில் கூடுதலாக ஒரு வெள்ளை போர்டு வண்டி கேட்டு எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

‘யார் பார்ப்பது’ என்ற கட்டத்தில் வழக்கம்போல எல்லோரும் கௌரவ விரிவுரையாளரைப் பார்த்தோம். துறையிலேயே சின்னவர், ஊர்வாரிக் கணக்கு முழுவதும் அவர் போட்டதுதான். அவர் சிரித்துவிட்டார். “மேடம், எனக்கே ஏப்ரல் வரைக்குந்தான் ஆர்டர்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்த சார் பேனாவை வாங்கி, விரிவுரையாளர் பெயரையும் அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதினார். சார் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.