அடுப்பேறாத ரஸம்

ஸ்பெயின் தேசத்தின் தென் பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர். அதன் தலைநகரான ஸெவில், குவாதல்கிவீர் நதிக்கரையில் அமைந்திருக்கிறது. ஐரோப்பா என்றதும் பனியையும் கம்பளிச் சட்டையையும் நினைத்துக்கொள்ளும் நம்மவர்கள், ஜூலை மாதத்தில் ஒரு முறை இவ்வூரில் இறங்கிப் பார்க்கவேண்டும். வெயில் பல நாட்களில் 40 டிகிரி செண்டிகிரேடைத் தாண்டிவிடுகிறது. கடைத்தெருக்களில் ஒரு மாடியிலிருந்து எதிர்மாடிக்குத் துணிப் பந்தல் கட்டி நிழல் செய்திருக்கிறார்கள். பிற்பகல் இரண்டு மணியானால் பல கடைகள் அடைக்கப்படுகின்றன. வீதியில் ஈ, காக்கை இராது.

அவ்வேளையில் வீடுகளில் சாப்பாடு நடக்கிறது. இலையில் முதலில் நெய்யும் பருப்பும் வருவது நமக்கு வழக்கம். அங்கே கோடையில் முதலில் வருவது கஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த ரஸம். இதற்கு அடுப்பு மூட்ட வேண்டியதே இல்லை.

நதியின் அக்கரையிலுள்ள திரியானாவுக்கு, 1852-இல் கட்டி முடித்த இரும்புப் பாலத்தின் வழியே போகலாம். பாலத்தை ஒட்டியே சந்தை இருக்கிறது. நன்கு கனிந்த தக்காளி ஒரு கிலோ, இளம் வெள்ளரிக்காய் ஒன்று, பச்சைக் குடமிளகாய் ஒன்று, பூண்டு ஒரு பல் ஆகியவை போதும். வீட்டில் முதல் நாள் ரொட்டி 100 கிராம் இருக்கவேண்டும். ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, கழுவி நறுக்கிய காய்களோடும் உப்போடும் சேர்த்து அரைக்கவேண்டும். பிறகு 100 மில்லி ஆலிவ் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி அரைத்தால், எண்ணெய் தனித்து நில்லாமல் கலந்து, சிவப்பு நிறம் செம்மஞ்சளாக மாறும். இரண்டு கரண்டி திராட்சைக் காடி விட்டு, வடிகட்டி, இரண்டு மணி நேரம் குளிரவைத்துப் பரிமாறவேண்டியதுதான். வெள்ளரியையும் வெங்காயத்தையும் பொடியாக நறுக்கி மேலே தூவுவதுண்டு.

இன்று அரைப்பதற்கு மின்சார யந்திரமும், குளிரவைக்கப் பெட்டியும் வந்துவிட்டன. முன்பு மரவையில் இட்டு உலக்கையால் இடித்தார்கள். குளிர்ச்சிக்கு மண்கலத்துத் தண்ணீரை நம்பினார்கள்.

இப்படிச் செய்தவர்கள் யார்? மாளிகைச் சமையற்காரர்கள் அல்லர். பிரபுக்களின் பெரும் பண்ணைகளில் தினக்கூலிக்கு உழைத்தவர்கள். நிலம் சிலரிடமும் உழைப்பு பலரிடமும் இருந்த நாடு அது. காய்ந்த ரொட்டி, எண்ணெய், காடி, உப்பு, பூண்டு, தண்ணீர் ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்த பொருள்கள். வியர்வையில் போன நீரும் உப்பும் இதனால் திரும்பின. எண்ணெயும் ரொட்டியும் உழைக்கத் தெம்பு தந்தன. 1905-இல் பிளாஸ்கோ இபானியெஸ் எழுதிய ‘லா போதேகா’ என்ற நாவலில், ஹெரேஸ் பக்கத்துப் பண்ணையாட்கள் இதையே உண்டு காலந்தள்ளும் அவலத்தைக் காணலாம்.

தக்காளி பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி. 1492-க்குப் பிறகே தக்காளியும் குடமிளகாயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்தன. 1503 முதல் இரு நூற்றாண்டுக் காலம் ஸ்பெயினின் அமெரிக்க வியாபாரம் ஸெவில் நகரத்திலிருந்தே நிர்வகிக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியும் இந்த நதிக்கரையில்தான் இறங்கின. ஆயினும் 1747-இல் ஹுவான் தெ லா மாதா வெளியிட்ட நூலில் உள்ள கஸ்பாச்சோவில் தக்காளி இல்லை. ரொட்டியும் பூண்டும் எண்ணெயும் காடியுமே முக்கியம்.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. கொர்தோபா நகரத்து ஸல்மொரேஹோ கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியானது. அதன்மேல் முட்டையும் பன்றியிறைச்சியும் தூவுவார்கள். மரக்கறி உண்பவர்கள் முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். மாலகாவில் வாதுமைப் பருப்பையும் பூண்டையும் ரொட்டியோடு அரைத்து, பால்போல் வெண்மையான அஹோபிளாங்கோ செய்கிறார்கள். அதில் மிதக்கும் திராட்சைப் பழம் பூண்டின் காரத்துக்கு இதமாக இருக்கிறது.

இன்று கஸ்பாச்சோ பெரிய ஹோட்டல்களில் கண்ணாடிக் கோப்பையில் வருகிறது. கடைகளில் அட்டைப் பெட்டிகளிலும் விற்கிறது. ஸெவில் செல்லும் யாத்ரிகர்கள் மாதா கோயிலையும் அரண்மனையையும் வியந்து, கட்டியவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இந்த ரஸத்தைச் சுவைக்கும்போதும், வெயிலில் நின்று அதை இடித்த பெயர் தெரியாத உழவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நியாயம்.