லயத்து முகவரியும் கோப்பின் பாதையும்

கணினியொன்று ஒரு கோப்பினைத் திறக்க முயன்று தோல்வியுறுமிடத்து அது கூறும் விடை மிகச் சுருக்கமானது. ‘அத்தகைய கோப்போ அடைவோ இல்லை’ என்பதே அது. இணையத்தளங்களை இயக்கும் நிரல்மொழிகளுள் பெருவழக்குப் பெற்ற பி.எச்.பி. மொழியிற் பழகியோர் யாவரும் இவ்வாசகத்தை அறிவர். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பார் 1994இல் தமது சொந்தத் தேவைக்கென எழுதத் தொடங்கி, 1995இற் பிறர்க்கும் வழங்கிய கருவியே பின்னர் அம்மொழியாக வளர்ந்தது. அன்று தொட்டு இன்றுவரை அதனைக் கற்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடைகளுள் ஒன்று இந்த ‘இல்லை’ ஆகும். கோப்பு அழிந்துவிட்டதோ என மனங்கலங்குவோர் பலர். கணினி கூறுவதோ வேறு. ‘நான் நிற்கும் இடத்திலிருந்து, நீ சொன்ன வழியே சென்று, நீ சொன்ன பெயரை எழுத்துக்கெழுத்துத் தேடினேன், காணவில்லை’ என்பதே அதன் பொருள். காணவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் இடையில் உள்ள தூரம் பெரிது.

மலையகத்தார் அத்தூரத்தை வேறொரு வகையில் நன்கறிந்தவர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை வழியினர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணான பாட்டனாரின் பிறப்பைக் காட்டப் பெரும்பாலாரிடம் கடதாசி இருக்கவில்லை. கடதாசி இல்லையெனவே ஆளும் இல்லையென்றாயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 150,000 பேரின் கதி 1974 வரை தீர்க்கப்படாதிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடற்றோராயிருந்தவர்களும் உளர். ஆதலின், மலையகக் குடும்பமொன்றின் தகரப் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் பழுப்பேறிய தாளொன்று வெறும் தாளன்று.

அத்தகைய தாள்களைத் திரட்டிப் படமெடுத்து, குடும்பத்தார் தேடிப் பார்க்கத்தக்க சிறியதோர் இணையத்தளத்தில் வைக்க முனைந்தார் நானுஓயாவை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்த ஓர் இளைஞர். பகலில் ஆசிரியப் பணி, இரவில் இப்பணி. பிறப்புச் சான்றிதழ்கள், பற்றுச்சீட்டுகள், குடியுரிமை விண்ணப்பப் பிரதிகள் எனச் சில நூறு படங்கள் சேர்ந்தன. தமது கணினியில் யாவும் செவ்வனே இயங்கக் கண்டு, தளத்தை வாடகைக்குப் பெற்ற வழங்கியொன்றில் ஏற்றினார். ஏற்றியவுடன் ‘இல்லை’ என்னும் விடை வரிசை வரிசையாக வந்தது. அடுத்த லயத்து மூதாட்டி ஒருவர், “தம்பி, எங்க அய்யா பேருல உள்ள கடுதாசிய ஏத்திட்டீங்களா?” என்று வினவியபோது, “ஏத்திட்டேன் பாட்டி, ஆனா இன்னும் தெரிய மாட்டேங்குது” என்றே அவரால் விடை கூற முடிந்தது.

முதலிற் புலப்பட்ட பிழை இடம்பற்றியது. தளத்தின் பெயர்ப்பட்டியலை இரவுதோறும் புதுப்பிக்கும் நிரலொன்றை அவர் எழுதியிருந்தார். உலாவியில் அதனை அழைத்தால் இயங்கிற்று. நள்ளிரவில் வழங்கி தானாக அழைத்தால் இயங்கவில்லை. நிரலும் ஒன்று, கோப்பும் ஒன்று, பாதையும் ஒன்று. வேறுபட்டது எங்கே நின்று எண்ணுவது என்பதே. உலாவி வழியே அழைக்கும்போது பொதுவாக நிரல் இருக்கும் அடைவிலேயே கணினி நிற்கும். நேரங்குறித்து அழைக்கப்படும்போதோ அது பெரும்பாலும் பயனரின் இல்ல அடைவில் நின்று புறப்படும். ‘பக்கத்து அடைவிற் பார்’ என்னும் கட்டளைக்கு இரண்டிடத்தும் இரு வேறு பொருள்கள் உண்டாகும்.

தோட்டத்திற் பிறந்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. ‘மேற்பிரிவு, மூன்றாம் லயம், ஐந்தாம் காம்பரா’ என்பது தோட்டத்துக்குள் நிற்பவருக்கு ஐயமற்ற முகவரியாகும். கங்காணியும் அறிவார், கணக்கப்பிள்ளையும் அறிவார். அதே சொற்களைக் கொழும்பில் நின்று கூறின் பயனென்ன? மேற்பிரிவு இல்லாத தோட்டம் எது? மூன்றாம் லயம் இல்லாத பிரிவுதான் எது? பல தோட்டங்களில் இன்றும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமையால் தோட்டத்தின் பெயருக்கே கடிதம் வருகின்றது. அங்கிருந்து உரியவர் கைக்கு அது சென்று சேர்வது தோட்டத்தவரின் நினைவையும் நேரத்தையும் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, நாள் கடந்தபின் கைக்கு வந்த கதையைக் கேளாத லயம் இராது. கடிதத்தை எழுதியவர் பிழை செய்யவில்லை, பெறுபவரும் ஓடிவிடவில்லை. முகவரி மாத்திரம் பாதியில் நின்றுவிட்டது.

பி.எச்.பி.யில் இக்குழப்பம் மேலுமொரு படி ஆழமானது. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்து இன்னொரு நிரலைச் சேர்க்கச் சொன்னால், அது முன்னரே குறித்து வைக்கப்பட்ட அடைவுகளிலும், அழைக்கும் நிரல் கிடக்கும் அடைவிலும், தான் நிற்கும் அடைவிலும் தேடிப் பார்க்கும். பாதை ஒரு புள்ளியிலோ இரு புள்ளிகளிலோ தொடங்கினாலோ அத்தாராளம் இல்லை. நிற்கும் இடத்திலிருந்து மட்டுமே எண்ணும். ஒரு நிரல் உள்ளடைவிலுள்ள மற்றொன்றை அழைக்க, அது ‘ஒருபடி மேலே சென்று’ மூன்றாவதை அழைக்குமாயின், அந்த ஒருபடி முதலாவது நிரல் புறப்பட்ட இடத்திலிருந்தே கணக்கிடப்படும். பலநாள் பழகியோரையும் தடுமாறச் செய்வது இதுவே. தீர்வு சிறியது. இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுக்கு இடையில் ‘டிர்’ என எழுதும் மாறிலி, அந்த வரி எழுதப்பட்டுள்ள கோப்பின் அடைவினை முழுமையாகத் தரும். 2009இல் வெளிவந்த 5.3ஆம் பதிப்பு முதல் அது உண்டு. பாதையை அதிலிருந்து தொடங்கினால், எவர் எங்கு நின்று அழைப்பினும் பொருள் மாறாது. நமது இளைஞரின் நள்ளிரவுப் பணி இவ்வொரு மாற்றத்தாற் சீர்பட்டது.

இடம்பெயர்தல் பற்றியும் இங்குச் சிறிது கூறவேண்டும். புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவை வந்தடைந்தது. இரயிலில் நுவரெலியா செல்ல விரும்புவோர் நானுஓயாவுக்கே சீட்டெடுத்தல் வழக்கம். கணினியிற் குறியீட்டு இணைப்பு எனப்படுவதும் இதுபோன்றதே: ஒரு பெயரைக் கேட்டால் வேறோர் இடத்துக்கு இட்டுச் செல்லும். ஆனால் 1903 முதல் இரண்டரை அடி அகலமான ஒடுங்கிய தண்டவாளத்தில் இரயில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு முதல் இராகலைக்கும் சென்றது. 1940களில் அப்பாதை கைவிடப்பட்டது. அக்காலத்து வழிகாட்டி நூலைக் கையிற்கொண்டு இன்று நானுஓயாவில் இறங்கும் ஒருவர் ஒடுங்கிய பாதை வண்டிக்குக் காத்திருப்பாராயின், அவர் நிலை பழைய வழங்கியின் முழுப்பாதையை இன்னும் தன்னுள் எழுதி வைத்திருக்கும் நிரலின் நிலையாகும். நுவரெலியா இருக்கின்றது, அவ்வழி இல்லை. முழுப்பாதை எழுதினாற் போதும் எனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. மேலும், உலாவிக்குத் தரும் முகவரியில் முன்னிற்கும் சாய்கோடு தளத்தின் தலைவாயிலைக் குறிக்க, நிரலுக்குத் தரும் பாதையில் அதே சாய்கோடு வட்டின் வேரையே குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வழிதவறியோர் அநேகர்.

விண்டோஸ் கணினியிற் பழகியோர்க்குப் பின்சாய்கோடு தரும் தொல்லை தனி. 1983இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் இரண்டாம் பதிப்பு அடைவுகளை அறிமுகஞ் செய்தபோது, சாய்கோடு ஏற்கெனவே வேறு பணிக்கு எடுத்தாளப்பட்டிருந்தமையால், பின்சாய்கோட்டைப் பிரிகுறியாகக் கொண்டது. பி.எச்.பி.யின் இரட்டை மேற்கோளுக்குள்ளோ பின்சாய்கோட்டை அடுத்து வரும் ‘என்’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து புதுவரியாகும், ‘டி’ தாவலாகும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் நானுஓயா என்று அடைவுக்குப் பெயரிட்டு, அதனுள் தோட்டம் என்று இன்னோர் அடைவை வைத்தவரின் பாதை என்னவாகும்? நானுஓயா தலையெழுத்தை இழந்து அடுத்த வரியில் விழும். தோட்டமும் தலையெழுத்தை இழந்து வெற்றிடத்தைத் தாண்டி நிற்கும். விண்டோஸிலும் பி.எச்.பி. சாதாரணச் சாய்கோட்டை ஏற்றுக்கொள்ளுமாதலால், பின்சாய்கோட்டை அடியோடு விட்டுவிடுதலே அறிவுடைமை.

இவை யாவும் திருத்தப்பட்ட பின்னரும் மூதாட்டியின் தந்தையார் கடதாசி தோன்றவில்லை. எஞ்சியது பெயர்.

பெயர்கள் மலையகத்தில் எவ்வளவு அலைக்கழிந்தன என்பது யாவரும் அறிந்ததே. ஒருவரே பிறப்புப் பதிவில் லெட்சுமியாகவும், பாடசாலையில் இலட்சுமியாகவும், அடையாள அட்டையில் லட்சுமியாகவும் இருப்பார். எழுதுவினைஞர் தத்தம் செவிக்கேற்ப எழுதினர். பாரத்தைச் சுமந்தவர் பெயருக்குரியவர். நகரத்துக்கும் இதே கதி: அட்டன் என்பாரும் ஹட்டன் என்பாரும் உளர், நானுஓயா எனச் சேர்த்தும், நானு ஓயா எனப் பிரித்தும் எழுதுவர். மனிதக் கண் இவற்றை ஒன்றெனவே கொள்ளும். கணினிக்கு அவ்விரக்கம் இல்லை. யு.டி.எஃப்.-8 முறையிற் சேர்த்தெழுதிய நானுஓயா 21 பைட் நீளமுடையது; பிரித்தெழுதியது 22. ஆங்கிலப் பெயர்களிற் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் மாறினும் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். லினக்ஸ் வழமையாகப் பொறுப்பதில்லை. சொந்தக் கணினியில் ஓடிய தளம் வழங்கியில் ஓடாமைக்கு இதுவே பலவிடத்துக் காரணம்.

அவர் அப்பெயர்களையெல்லாம் ஒன்றொன்றாய் ஒப்புநோக்கினார். பிழை காணவில்லை. இறுதியில், அடைவிலுள்ள பெயர்களை உள்ளபடியே வரிசையிடும் செயற்கூறினை இயக்கியபோது, தோட்டம் என்ற பெயரில் இரண்டு அடைவுகள் அருகருகே நின்றன. ஓரிடத்தில் ஒரே பெயருடைய இரண்டு அடைவுகள் இருத்தல் இயலாது. கண்ணுக்கோ அவற்றிடையே அணுவளவும் வேறுபாடில்லை. பெயரின் நீளத்தைக் காட்டும் வார்-டம்ப் என்னும் செயற்கூறிடம் அவற்றைக் கொடுத்தார். ஒன்றுக்கு 21 என்றது. மற்றதற்கு 24 என்றது.

காரணம் தமிழெழுத்தின் குறியேற்றத்தில் உள்ளது. ‘தோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியினை யூனிகோட் இருவகையில் அமைக்க இடமளிக்கின்றது. ஒற்றைக் குறியாகவும் அமைக்கலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் அமைக்கலாம். கொகர ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இவ்விரட்டை வழி உண்டு. திரையில் இரண்டும் ஒன்றே. நெறிப்படி இரண்டும் சமமானவையே. ஆனால் லினக்ஸின் வழமையான கோப்பு முறைமை பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். ஆப்பிள் கணினிகளில் நெடுங்காலம் வழக்கிலிருந்த எச்.எஃப்.எஸ்.பிளஸ் முறைமையோ பெயர்களைப் பிரித்தே சேமித்து வைத்தது. படங்களுள் ஒரு பகுதியை நண்பர் ஒருவர் தமது பழைய ஆப்பிள் கணினி வழியே அனுப்பியிருந்தார். அவை கொம்பும் காலும் பிரிந்து வந்தன. பட்டியலோ சேர்த்து எழுதப்பட்டிருந்தது. நார்மலைசர் என்னும் வகுப்பு, பி.எச்.பி.யின் இன்டில் நீட்சியில் உள்ளது. கோப்புப் பெயர்களையும் பட்டியற் பெயர்களையும் அதன்வழி ஒரே வடிவுக்குக் கொணர்ந்தபின், ஒருமணி நேரத்துள் பெரும்பாலான படங்கள் தோன்றலாயின. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து மட்டும் அதற்கும் அடங்கவில்லை. ஸகரத்தைக் கொண்டு ஒருவகையிலும் ஶகரத்தைக் கொண்டு மற்றொருவகையிலும் எழுதப்படும் அவ்விரு வடிவங்களைச் சமமெனக் கொள்ளும் நெறி இல்லையாதலால், அவற்றைக் கையாலேயே திருத்தவேண்டியிருந்தது.

அனுமதி மறுப்பு வேறு வகையானது. அங்குக் கணினி ‘இல்லை’ என்னாது ‘விடமாட்டேன்’ என வெளிப்படையாகவே கூறும். கோப்பினைப் படிக்க உரிமையிருந்தும், இடையிலுள்ள அடைவொன்றைக் கடக்க உரிமையில்லையெனின் பயணம் அங்கேயே நின்றுவிடும். கோப்பு உண்டா எனச் சோதிக்கும் செயற்கூறு இந்நிலையில் இல்லை என்றே பொய்யுரைக்கும் என்பது நினைவில் இருத்தற்குரியது. அதனினுந் தீயது, பிழைச் செய்தியை அடக்கும் பொருட்டுக் கட்டளைக்கு முன் இடப்படும் ‘அட்’ குறி. துரையிடம் கெட்ட செய்தியைச் சொல்லாத கணக்கப்பிள்ளையைப் போன்றது அது. அன்றைய பெரட்டு அமைதியாக முடியும், மலையில் வேலை நடந்திராது. இன்றியமையாத கோப்பை இன்க்ளூட் என்று அழைத்தால் எச்சரிக்கையோடு நிரல் மேலே செல்லும். ரெக்வயர் என்று அழைத்தால் அவ்விடத்திலேயே நிற்கும். நிற்பதே நல்லது.

மூதாட்டியின் தந்தையார் கடதாசி, கொம்பும் காலும் பிரிந்த அடைவினுள் இருந்தது. 24 பைட் தோட்டத்தில் அத்தனை வாரமும் அது பத்திரமாகவே கிடந்தது. பேரன் கைத்தொலைபேசியில் அதனைப் பெரிதாக்கிக் காட்ட, அவர் தந்தையின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஊர்ப்பெயர் சரியாயிருக்கின்றதா என்று கேட்டார்.

பட்டியலில் இன்னும் சில பெயர்களுக்குப் படம் இல்லை. அவற்றின் பாதையிலும் எழுத்திலும் பிழையில்லை. ஒப்பந்தத்தின்படி தலைமன்னார் வழியே கப்பலேறிய உறவினர்கள் அத்தாள்களைத் தம்முடன் கொண்டு சென்றுவிட்டனர். அப்பெயர்களுக்கு எதிரே பாதைக்குரிய கட்டத்தை அவர் வெறுமையாக விட்டு, கட்டம் வெறுமையாயின் கோப்பைத் தேடாது பெயரை மட்டும் காட்டுமாறு நிரலைத் திருத்தினார்.