பதம் பார்க்கும் வயது

மடத்துக்குளம் தாண்டிக் கணியூர் சாலையில் திரும்பியதுமே கார்க் கண்ணாடியை இறக்கச் சொன்னார் உடன் வந்த பெரியவர். “வாசம் புடிக்குதா?” என்றார். எனக்குச் சாலைப் புழுதியும் எங்கோ சோகை எரியும் புகையும்தான் மூக்கில் ஏறின. அவருக்கு அதற்குள் பாகு மணந்துவிட்டது. “இன்னும் அரை மணியில எறக்கிடுவாங்க” என்று ஓட்டுநரை அவசரப்படுத்தினார்.

பெரியவருக்கு 73 வயது. கரும்பு இனவிருத்தியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி. பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு வந்தவர். சர்க்கரை நோயும் உண்டு. கேட்டால் “தொழில் விசுவாசம்” என்று சிரிப்பார். வெல்லம் காய்ச்சுகிறவர்களைப் பற்றி எழுத நான் கிளம்பியபோது, கரும்பைப் பற்றி விளக்க ஆள் வேண்டுமே என்று அவரைக் கூப்பிட்டேன். திரும்பி வரும்போது எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்பதே மாறிவிட்டது.

திருப்பூர் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பனியன். மாவட்டத்தின் தெற்கே, அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் கணியூருக்கு வந்தால் தென்னையும் நெல்லும் கரும்பும்தான். 1957இல் அமராவதி அணை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே ஆற்றிலிருந்து வெட்டிய ராஜவாய்க்கால்கள் எட்டு; அதில் ஒன்று கணியூர் பெயரைத் தாங்கியது. அந்தத் தண்ணீரில் விளைகிற கரும்பு ஒருபக்கம் கிருஷ்ணாபுரத்து அமராவதி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு, அது ஓடிய வருடங்களில், போனது. இன்னொரு பக்கம் தோட்டத்திலேயே இருக்கும் ஆலைக்கொட்டகைக்கு வரும். சர்க்கரை ஆலை ஓடாத வருடங்களில் கொட்டகைதான் கதி.

நாங்கள் போன கொட்டகை ஓலையும் தகரமும் கலந்து வேய்ந்தது. வாசலில் மூன்று உருளை வைத்த அரவை இயந்திரம். ஒருவர் கரும்பைக் கொடுக்க, மறுபுறம் சக்கை வந்து விழுகிறது. அதை அள்ளிக்கொண்டுபோய்க் களத்தில் பரப்புகிறார்கள் இரண்டு பெண்கள். நேற்றைய சக்கை இன்றைய அடுப்புக்கு எரிபொருள். விறகுக்கென்று தனிச்செலவு இல்லை. சாறு தொட்டியில் தெளிந்து, வடிகட்டி வழியாகக் கொப்பரைக்கு இறங்குகிறது. சூடேறியதும் சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம். பச்சையும் கறுப்புமாக அழுக்கு மேலே திரண்டு வர, சல்லடைக் கரண்டியால் வழித்து எடுக்கிறார்கள். பிறகு இரண்டரை, மூன்று மணிநேரக் கொதி. பாகு பொங்கி வழியப் பார்க்கும்போது ஒரு கை எண்ணெய் தெளித்தால் அடங்கிவிடுகிறது. ஒரு டன் கரும்புக்குச் சுமாராக நூறு கிலோ வெல்லம். அதை முப்பது கிலோ சிப்பமாகக் கட்டி நெய்க்காரப்பட்டிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள்.

கொப்பரையருகே நின்றவருக்கு அறுபத்தெட்டு வயது. பதினாறு வயதில் அடுப்புக்குச் சக்கை தள்ள வந்தவர். அவருக்கு எதிர்ப்புறம் துடுப்பைப் பிடித்து நின்றவன் அவருடைய அக்கா பேரன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டு வந்தவன். அவன் இவரைத் ‘தாத்தா’ என்கிறான். கொட்டகையில் மற்றவர்களுக்கு அவர் மாமா. ஆகவே எங்களுக்கும் மாமா.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கருவி ஒன்றை எடுத்தார். சாற்றின் இனிப்பை அளக்கும், கைக்கு அடக்கமான பிரிக்ஸ் மானி. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகியும் அது பையைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இருபது” என்றார். மாமா அதே சாற்றை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, “நல்லா முத்துனதுங்க சார். மறுதாம்புதான், ஆனா சாறு சுத்தம்” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

“என்ன ரகமுங்க?”

“எம்பத்தாறு சைபர் முப்பத்திரண்டுங்க.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “இவரு சொன்னதுலயே அதோட சரித்திரம் இருக்கு.”

கோ 86032. ‘கோ’ என்பது கோயம்புத்தூர். 86 என்பது அந்தக் கரும்பு எண் பெற்ற ஆண்டு, 1986. பயிரிட வெளியிடப்பட்டது 2000இல். நடுவில் 14 ஆண்டுகள். எண் கிடைப்பதற்கு முன் கலப்பு செய்து, விதை முளைக்கவைத்து, நாற்றுகளைத் தேர்ந்தெடுத்த ஆண்டுகள் தனி. தாய் கோ 62198. தந்தை கோசி 671. அந்தச் ‘சி’ கடலூரைக் குறிக்கும். கோவையில் கலந்து, கடலூரில் தேர்ந்தெடுத்த கரும்பு என்று பொருள். இரண்டு ஊரின் வேலை ஒரு பெயரில் ஒட்டிக்கிடக்கிறது. எந்த எழுத்திலும் எந்த மனிதரும் இல்லை.

கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912இல் தொடங்கியது. காரணம் எளிமையானது: கரும்பு அங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கிறது, வடக்கே அப்படிப் பூப்பதில்லை. நிலையத்தின் முதல் பொறுப்பாளர் சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பருக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு உதவியாளராக இருந்தவர் டி. எஸ். வெங்கட்ராமன். ‘வெள்ளை’ என்ற மெல்லும் கரும்போடு, ஆற்றோரம் தானாக முளைத்துக் கிடக்கும் காட்டு இனத்தைக் கலந்தார்கள். ஒன்றிடம் இனிப்பு, மற்றொன்றிடம் முரட்டு உயிர். 1918இல் வட இந்தியாவுக்காக வெளிவந்தது கோ 205. மறு ஆண்டே பார்பர் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். அவர் விட்ட இடத்திலிருந்து வெங்கட்ராமன் 1942 வரை இழுத்துச் சென்றார்.

“பார்பர் அம்பது வயசுல புதுசா ஒண்ணை ஆரம்பிக்கிறார், பாருங்க” என்றார் பெரியவர். அவர் மனத்தில் இருந்தது கணிதவியலாளர் ஹார்டி. கணிதத்தில் பெருஞ்சாதனைகள் இளமையோடு போய்விடுகின்றன என்ற ஏக்கத்தோடு 1940இல் ஒரு நூலே எழுதியவர். அவருடைய கூட்டாளி ராமானுஜன் 1920இல் 32 வயதில் மறைந்துவிட்டார். கணிதத்துக்கு அது சரியாக இருக்கலாம். கரும்பில் கணக்கே வேறு. ஒரு ரகம் கலப்பிலிருந்து வயலுக்கு வரப் பொதுவாக 12 முதல் 15 ஆண்டுகள். இருபத்தெட்டு வயதில் பணியில் சேர்ந்து அறுபத்திரண்டில் ஓய்வு பெற்றால், முழுதாக இரண்டு சுற்று. மூன்றாவதை இன்னொருவர்தான் முடிக்க வேண்டும்.

“உங்க பேர்ல ரகம் இருக்கா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது.

“சேர்ந்த புதுசுல அந்த வெறி இருந்துச்சு” என்றார். பூக்கும் பருவத்தில் விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போவார்களாம். ஆண் பூக்கதிரைப் பெண் கதிருக்கு மேலே கட்டி, மகரந்தம் உதிர உலுக்குவார்கள். பிற மாநில விஞ்ஞானிகளும் தங்களுக்கு வேண்டிய கலப்புகளுக்காக அந்தப் பருவத்தில் கோவைக்கு வருவார்கள். விளைவது பஞ்சு போன்ற நுண்விதை. முளைக்கிற நாற்று ஆயிரமாயிரம். ஒவ்வொன்றும் தனி ரகம். ஒவ்வோர் ஆண்டும் நடந்து நடந்து ஆகாததைத் தள்ள வேண்டும். நோய் வந்ததைத் தள்ளு, சாய்ந்ததைத் தள்ளு, சாறு குறைந்ததைத் தள்ளு. “அம்பது வயசுலதான் ஒறைச்சுது. நான் வாழ்க்கை முழுக்கச் செஞ்சது தள்ளுற வேலை. நான் தள்ளாம விட்டதுல ஒண்ணு ரெண்டை எனக்கு அடுத்து வந்தவங்க மேல கொண்டுபோனாங்க. அதுல என் பேர் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது.”

சொல்லும்போது குரலில் வருத்தம் இருந்ததா என்று கவனித்தேன். இருந்தது, கொஞ்சம். மறைக்கவும் முயலவில்லை.

இப்படிப் பேர் கரைந்துபோவதற்குக் கரும்பில் எல்லையே இல்லை. கோவையில் கோ 421ஐயும் கோ 312ஐயும் கலந்த விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அங்கே முளைத்து, அங்கே தேர்வாகி, 1945இல் என்கோ 310 என்ற பெயரில் வெளிவந்தது. முன்னே நேட்டாலின் ‘என்’, பின்னே கோவையின் ‘கோ’. தைவான் வரை போய் விளைந்த கரும்பு அது. கலந்தவர் கையில் விளையவில்லை, விளைவித்தவர் கலக்கவில்லை.

ஆனால் கூட்டு வேலை எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. 1934இல் கோவைக்கு மரபியலாளராக வந்தார் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள். கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் சேர்த்துப் பார்க்கும் துணிச்சலான கலப்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். தனியாக வாழும் பெண்ணுக்கு அங்கே சூழல் இலகுவாக இல்லை என்பதை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1939இல் மாநாட்டுக்காகப் பிரிட்டன் போனவர் போர் மூண்டதும் அங்கேயே தங்கிவிட்டார். அங்கே மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் அட்டவணை இரண்டு பெயரையும் தாங்கி நிற்கிறது. பிறகு நாடு திரும்பி, கடைசிக் காலத்தைச் சென்னைக்கு அருகே மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1984இல் 86 வயதில் இறக்கும்வரை வேலையை விடவில்லை. பணி ஓய்வு என்பது சம்பளப் பட்டியலில்தான் வரும்போலும்.

“சார், பதம் வருதுங்க” என்று குரல் கேட்டது. நாங்கள் கொப்பரைக்கு ஓடினோம்.

பாகின் சூடு 118 டிகிரி செல்சியஸை நெருங்கும் நேரம் இது என்று பெரியவர் காதோரம் சொன்னார். கொப்பரையருகே வெப்பமானி எதுவும் இல்லை. ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர். அதில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். கரைந்தால் ஆகவில்லை. உருண்டு நின்று, விளிம்பில் தட்டினால் சத்தம் வர வேண்டும். அரை நிமிடம் முந்தினால் வெல்லம் கசியும். அரை நிமிடம் பிந்தினால் கருகும்.

“ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சுங்க” என்றார் மாமா. “நெறம் முன்ன மாதிரி புடிபடறதில்ல. காதுதான். மொதல்ல சலசலங்கும். அப்புறம் கொதகொதங்கும். கடைசில பொத்துப் பொத்துன்னு அடங்கும். நெறத்தை இவன் பாத்துக்குவான்.”

பேரன் நிறத்தைச் சொல்கிறான். தாத்தா சத்தத்தைச் சொல்கிறார். இரண்டும் ஒத்துவந்தால் இறக்குகிறார்கள். பெரியவர் இதை ரசித்தார். “எங்க கிட்டயும் இப்படித்தான். செவ்வழுகல் பாக்க நோயியல்காரர் வேணும். பூச்சிக்கு ஒருத்தர், மண்ணுக்கு ஒருத்தர். கரும்பு ஒண்ணு, கண்ணு பத்து.”

செவ்வழுகல் என்றதும் மாமா திரும்பினார். “அந்த நோவு இதுக்கும் வந்துருமுங்களா?”

ரகங்களுக்கும் வயது உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் மிகப் பெரும்பகுதியை ஒரே ரகம், கோ 0238, பிடித்திருந்தது. 2009இல் வெளியானது, அதை உருவாக்கிய பக்ஷி ராமுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த விருது வந்த வேளையில் ரகமோ செவ்வழுகலிடம் தோற்றுக்கொண்டிருந்தது. நம் கோசி 671ஐயும் அந்த நோய்தான் சாய்த்தது. அதன் பிள்ளைதான் இப்போது கொப்பரையில் கொதிக்கிறது.

“வரலாமுங்க” என்றார் பெரியவர். “எப்பன்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள அடுத்தது தயாரா இருக்கோணும்.”

“அடுத்தது எப்பங்க வரும்?”

பெரியவர் விரல்விட்டு எண்ணினார். “இப்ப வயல்ல இருக்கிற நாத்துன்னா, பன்னெண்டு வருசம் வைங்க.”

மாமா தன் வயதைக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரும் கூட்டியிருப்பார்.

நான்கு பேர் கம்பு கோத்துக் கொப்பரையைத் தூக்கி, மரத்தொட்டியில் சாய்த்தார்கள். பொன்னிறப் பாகு மெல்லப் பரவியது. துடுப்பால் கிளறக் கிளற இறுகியது. இளஞ்சூட்டிலேயே பெண்கள் துணியில் அள்ளி உருண்டை பிடித்தார்கள். வெளுப்பாக இருந்தால்தான் சந்தையில் விலை என்பதால் பலர் ரசாயனம் போடுகிறார்கள், இங்கே போடவில்லை. வெல்லம் பழுப்பாகவே இருந்தது. முதல் உருண்டையைப் பெரியவரிடம் நீட்டினார் மாமா. அவர் தயங்கி, சுண்டுவிரல் அளவு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

“வூட்டுல சொல்லிராதீங்க” என்றார் என்னிடம்.

அடுத்த கொப்பரை ஏறியது. நாங்கள் கிளம்பும் நேரம் அதுவும் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. “எறக்கலாம்” என்று பேரனின் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாமா கொப்பரையருகே இல்லை. வெளியே களத்தில், நாளைக்கு எரிக்க வேண்டிய சக்கையைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தார்.